இரைப்பைக் கிருமி பழங்கால மனிதரின் பயண வழியைச் சொல்லுமா?

வழிப்போக்கன் (கேள்வி):

இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் மரபணுக்களைக் கொண்டு, மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டு எப்போது வெளியேறினார்கள் என்பதைக்கூடக் கணித்திருக்கிறார்கள் என்று படித்தேன். மனிதருடைய மரபணுக்களையே நேரடியாகப் படிக்க முடிகிற இந்நாளில், அவர் வயிற்றில் குடியிருக்கும் கிருமியை எதற்காக விசாரிக்க வேண்டும்? மேலும், தொற்று என்றாலே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவுவதுதான். வணிகர், படைவீரர், அடிமை என யாரிடமிருந்தும் யாருக்கும் தாவியிருக்கக்கூடிய ஒன்று, ஒரு மக்கள் கூட்டத்தின் பயணத்துக்கு எப்படிச் சாட்சியாக முடியும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணோக்கி:

தங்களுடைய இரண்டாவது ஐயம்தான் அடிப்படையானது என்பதால் முதலில் அதற்கு வருகிறேன். எல்லாத் தொற்றுகளும் இந்த வேலைக்கு உதவா. சில வாரங்களில் கண்டம் தாண்டிவிடும் இன்ஃபுளுயன்சாவிடம் பழங்கால வழியைக் கேட்பதில் பயனில்லை. பைலோரியின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே, பல இடங்களில் தாயிடமிருந்தே தொற்றுகிறது. மருந்து கொடுத்து அகற்றாவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே தாய்மொழியைப் போல அதுவும் வீட்டில் பெற்ற ஒன்றாகவே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. (தாய்மொழியைப் போலவே அண்டை வீட்டாரிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்குவதும் உண்டு. இரு வேறு திரிபுகள் ஒரே வயிற்றில் சந்திக்க நேர்ந்தால், அவை டி.என்.ஏ. துண்டுகளைத் தாராளமாகப் பரிமாறிக்கொள்கின்றன.)

இக்கிருமியின் திரிபுகள் மனிதரின் இடப்பெயர்ச்சியை ஒட்டியே உலகில் பிரிந்து கிடக்கின்றன என்பது 2003-இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. 2007-இல் வந்த மற்றோர் ஆய்வு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலக விலக மனிதரின் மரபணுப் பன்மை குறைவதைப் போலவே பைலோரியின் பன்மையும் குறைகிறது என்று காட்டியதோடு, அது ஆப்பிரிக்காவிலிருந்து பரவத் தொடங்கியது ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றும் கணித்தது.

இனி முதல் ஐயம். கிருமியின் மரபணுக்கள் மனிதருடையவற்றைக் காட்டிலும் மிக விரைவாக மாறுகின்றன. அதனால் அண்மைக் காலத்தில் பிரிந்த இரு சமூகங்களை மனித மரபணுக்கள் வேறுபடுத்திக் காட்டத் தடுமாறும் இடத்தில், கிருமி அவற்றைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. லடாக்கில் அருகருகே வாழும் பௌத்தர்களையும் முஸ்லிம்களையும் ஒப்பிட்ட 2004-ஆம் ஆண்டு ஆய்வில் இதுவே நடந்தது. அதில் பயன்படுத்திய மனித மரபணு அடையாளங்கள் பெரிய வேறுபாடு எதையும் காட்டாதபோது, இரு சமூகத்தாரின் பைலோரிகள் தெளிவாக வேறுபட்டிருந்தன. பசிபிக் தீவுகளிலும் இவ்வாறே. ஆஸ்திரேலியத் தொல்குடியினரிடமும் நியூகினி மேட்டுநில மக்களிடமும் மிகப் பழைய திரிபு ஒன்று இருக்கிறது. தைவான் தொல்குடியினரிடம் தொடங்கிப் பாலினீசியர் வரை வேறொரு திரிபு தொடர்கிறது. ஒரே பெருங்கடலில் காலத்தால் வெகுதூரம் விலகிய இரு குடியேற்றங்கள் நிகழ்ந்ததை வயிற்றுக் கிருமிகளே சொல்லிவிட்டன.

மணற்கடிகை:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கைச் சற்று எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். கிருமி எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதைச் சரியாக அறிந்தால்தான் அது எப்போது பிரிந்தது என்று சொல்ல முடியும். காசநோய்க் கிருமி சுமார் 70,000 ஆண்டுகளாக மனிதரோடு சேர்ந்தே பயணம் செய்திருக்கிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு கூறியது. அடுத்த ஆண்டே, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் கிடைத்த ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூடுகளிலிருந்து அக்கிருமியின் மரபணுத்தொகையை மீட்டவர்கள், இன்றைய காசநோய்க் கிருமிகள் அனைத்துக்கும் பொதுவான மூதாதை 6,000 ஆண்டுகளுக்கும் உட்பட்டதே என்று கணித்தார்கள். பெரு நாட்டில் மீட்ட அந்தக் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு கடல்நாய்களையும் கடற்சிங்கங்களையும் தாக்கும் வகை என்பதுதான் இதில் வேடிக்கை. கொலம்பஸுக்கு முன்பே அங்கே காசநோய் இருந்ததற்கு மனிதரின் இடப்பெயர்ச்சியைக் காரணமாகக் காட்டியிருந்தால் முற்றிலும் தவறியிருப்போம். கடல் விலங்குகள் அல்லவா அதைச் சுமந்து வந்திருக்கின்றன!

சிறுநீரகத்தில் தங்கும் ஜே.சி. வைரஸின் கதையும் இத்தகையதே. அதை இடப்பெயர்ச்சியின் அடையாளமாகப் பலர் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தார்கள். 2006-இல் அதன் மரபுக்கிளைகளை மனிதரின் கிளைகளோடு மீண்டும் ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை.

பழைய உடலிலிருந்தே கிருமியை எடுக்க முடிந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ‘ஏட்ஸி’ என்னும் மனிதரின் இரைப்பை உட்சுவர் அழிந்திருந்தும், உள்ளே எஞ்சிய உணவிலிருந்து பைலோரியின் மரபணுத்தொகையை மீட்டு 2016-இல் வெளியிட்டார்கள். இன்றைய ஐரோப்பியரிடம் இருப்பது ஆசிய வகையும் ஆப்பிரிக்க வகையும் கலந்த திரிபு. ஏட்ஸியிடம் இருந்ததோ, இன்று நடு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகையை ஒத்தது. ஆப்பிரிக்கக் கலப்பு அதில் மிகமிகக் குறைவு. அப்படியானால் அந்தக் கலப்பின் பெரும்பகுதி அவருக்குப் பிறகே ஐரோப்பாவை அடைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

வழிப்போக்கன்:

இருவருக்கும் நன்றி. ஆனால் ஒரே மனிதரின் வயிற்றைக் கொண்டு ஒரு கண்டத்தின் வரலாற்றைச் சொல்வது சரியாகுமா? மரபணு கிடைக்காத இடங்களில் இம்முறைக்கு வேலையே இல்லையா?

மணற்கடிகை:

ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது சரியே. ஏட்ஸியின் சான்றை வலுவான குறிப்பாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு, மனிதக் குடலில் வாழும் கொக்கிப்புழுவைச் சொல்வேன். இதன் முட்டை மலத்தோடு வெளியேறி, வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள மண்ணில் பொரித்து வளர்ந்த பின்னரே அடுத்த மனிதரைத் தொற்ற முடியும். பிரேசிலில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுப் பழமையான மனித மலப் படிவங்களில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. சைபீரியாவிலிருந்து அலாஸ்கா வரை உறைந்த நிலத்தில் பல தலைமுறைகளாக மெல்ல நடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தவர்களிடம் இந்தப் புழு தொடர்ந்திருக்க வழியில்லை. ஆகவே சிலரேனும் கடல் வழியாகவோ கரையோரமாகவோ விரைந்து வந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இங்கே ஒரு மரபணுவைக்கூடப் படிக்கவில்லை. புழுவின் வாழ்க்கைச் சுழற்சியும் மண்ணின் வெப்பநிலையும் மட்டுமே சான்று.