முகத் தமனி டாப்ளர் (முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் ஓட்டத்தை ஒலி அலையால் அளக்கும் ஸ்கேன்): ரீடிங் எங்கே கெடுகிறது? அனுபவங்களைப் பகிருங்கள்

ராயபுரத்திலிருந்து:
பல்லைக் கடிக்கச் சொன்னால் தாடையில் ஒரு தசை புடைக்கும். அதன் முன் ஓரத்தில், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் துடிப்பு தட்டுப்படும். ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். 12 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் ப்ரோப் (தோலில் வைக்கும், நேரான முகப்புள்ள ஸ்கேன் முனை) எடுங்கள். முதலில் குறுக்கே வைத்துக் குழாயைப் பிடித்து, அப்புறம் நெடுக்காகத் திருப்புங்கள்.

புதிதாக வருகிற டெக்னீஷியன்கள் எல்லோரும் அழுத்தத்தில்தான் சறுக்குகிறார்கள். அடியில் எலும்பு இருப்பதால் தமனி நகர வழியில்லாமல் நசுங்கும். லேசாக நசுங்கினால் அந்த இடத்தில் வேகம் கூடிக் காட்டும். இன்னும் அழுத்தினால் டயஸ்டாலிக் ஓட்டம் (இதயம் விரியும் நேரத்து ஓட்டம்) காணாமல் போய் ஆர்ஐ (ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்று காட்டும் எண்) ஏறும். இரண்டுமே நோய் மாதிரியே இருக்கும். தமனிக்குப் பின்னால் ஓடும் சிரையைப் பாருங்கள். அது திரையில் தெரியவில்லை என்றால் கை அழுத்துகிறது என்று அர்த்தம். ஜெல்லை தாராளமாக வையுங்கள், தோலுக்கு மேலே கறுப்புப் பட்டையாக அது தெரிய வேண்டும். சுண்டுவிரலை மோவாயில் ஊன்றிக்கொண்டால் கை நிற்கும்.

காசிமேட்டிலிருந்து:
மே மாத வெயிலில் நடந்து வந்தவரை உடனே படுக்க வைக்காதீர்கள். சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், ஆர்ஐ குறைவாக வரும். 15 நிமிடம் ஃபேனுக்கு அடியில் உட்காரட்டும். வாயில் வெற்றிலையோ மாவாவோ இருந்தால் துப்பிவிட்டு வரச் சொல்லுங்கள். தாடை அசைந்தால் அலை முழுக்கக் குப்பை. தாடி வைத்தவருக்கு ஜெல்லை முடிக்குள் இரண்டு திசையிலும் தேய்த்து ஏற்றுங்கள். காற்று தங்கினால் கறுப்புக் கோடுகள்தான் மிஞ்சும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
ஆங்கிளையும், அதாவது ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து மூட இடம் கொடுக்கத் தமனி வளைந்து வளைந்து போகிறது. நேரான துண்டில் மட்டும் அளக்க வேண்டும். உண்மைக் கோணம் 60 டிகிரியாக இருக்கும்போது 65 என்று வைத்தால் வேகம் 18 சதவீதம் கூடுதலாக வரும். 30 டிகிரியில் அதே 5 டிகிரி தவறு 6 சதவீதத்தோடு நின்றுவிடும்.

நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் ஓடுகிறது என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று. 2 மி.மீ. குழாயை 2.2 என்று அளந்தாலே விடை 21 சதவீதம் கூடும், கணக்கில் விட்டத்தின் வர்க்கம் வருவதால். இந்த அளவுக் குழாயில் பிஎஸ்வியும் (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் உச்ச வேகம்) ஆர்ஐயும் எழுதுவதே நேர்மை.

தண்டையார்பேட்டையிலிருந்து:
ஒரு பக்கம் ஓட்டம் குறைவு என்றதும் அடைப்பு என்று எழுதிவிட வேண்டாம். பலருக்கு ஒரு பக்கத் தமனி உதட்டோடு முடிந்துவிடும், மறுபக்கம் ஈடு செய்யும்.

ஃபில்லர் ஊசிக்கு (முகத்தை நிரப்பி அழகுபடுத்தப் போடும் ஊசி) முன் மூக்கோரத்தைப் பார்க்கும்போது, தாடை விளிம்பில் தமனியை விரலால் அழுத்துங்கள். மேலே ஓட்டம் குறையாமலோ திசை திரும்பியோ இருந்தால், கண் பக்கத்துக் குழாய்களிலிருந்து ரத்தம் வரக்கூடும். அதைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள், ஃபில்லர் அந்த வழியில் கண்ணுக்குப் போனால் பார்வையே போகலாம். கண்ணருகே போகும்போது எம்ஐ (ஒலி அலையின் வீரியத்தைக் காட்டும் பாதுகாப்பு எண்) 0.23-ஐத் தாண்டாத ஆப்தால்மிக் ப்ரீசெட்டுக்கு (கண்ணுக்கான மெஷின் அமைப்புக்கு) மாறிவிடுங்கள்.