ஆர்க், ஃபில்லர்: படலமும் இடைப்புனைவும்

அன்பு நண்பர்களே,

அனிமே (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்) பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தொகுக்கும் இந்த இழையில், தொடருக்குள் வரும் ஒரு தனிக் கதைப்பகுதியைக் குறிக்கும் 'ஆர்க்' என்பதற்கு வளைவு, கதைவில், காண்டம், பருவம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டையும் படிப்பவருக்குச் சாலைத் திருப்பமோ வானவில்லோதான் நினைவுக்கு வரும். பருவம் என்பதை 'சீசனுக்கு' ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். காண்டம் ரொம்பப் பெரிது. கம்பர் ஆறே காண்டங்களில் இராமகதையை முடித்துவிட்டார். என் பரிந்துரை 'படலம்'. வாலி வதைப் படலம், சூர்ப்பணகைப் படலம் என்று ஒரு நிகழ்வைச் சுற்றி எழுந்து அடங்கும் கதைப்பகுதிக்கு நம்மிடம் உள்ள பெயர் அதுதான். அனிமே ரசிகர்கள் ஆர்க் என்று சொல்வதும் இதைத்தானே?

மூலக்கதையில் இல்லாமல் அனிமேயில் சேர்க்கும் பகுதிகளைக் குறிக்கும் 'ஃபில்லர்' என்பதில்தான் எனக்குச் சிக்கல். அதற்கு 'நிரப்பி' என்று எழுதிய நண்பர், எடுத்துக்காட்டாக செயின்ட் செய்யா என்ற அனிமேயின் அஸ்கார்டு படலத்தைக் காட்டியிருந்தார். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1986 முதல் 1989 வரை ஓடிய அந்தத் தொடரில் மொத்தம் 114 பகுதிகள். முதல் 73 பகுதிகளில் ஏதென்சின் புனிதப்பதியை மையமாகக் கொண்ட கதை முடிகிறது. 100 முதல் 114 வரை கடல்தெய்வம் பொசைடனுடன் போர். இடையில் வரும் 26 பகுதிகள்தான் அஸ்கார்டு. தொடருக்கு மூலமான மசாமி குருமாதாவின் மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) இது கிடையாது. மங்காவில் அடுத்த கதை போதிய அளவு வளராத நிலையில், அனிமேயைத் தயாரித்த தோயேய் நிறுவனத்தார் கிரேக்கத்தை விட்டு வட ஐரோப்பியப் புராணத்துக்குப் போய்த் தாங்களே புனைந்தது.

வெயில் காணாத பனிநாடு. அதன் தலைவி ஹில்டா ஒரு சபிக்கப்பட்ட மோதிரத்தால் மனம் திரிந்து போர் தொடங்குகிறாள். சப்தரிஷி மண்டலத்தின் நட்சத்திரங்களைக் காவலாகக் கொண்ட வீரர்கள் எதிரே நிற்கிறார்கள். இவர்களில் மிசார் நட்சத்திரத்துக்கு உரியவன் சிட். அவனுக்கு ஒரு நிழல் உண்டு: ஆல்கோர் நட்சத்திரத்தின் வீரன் பட், சிட்டின் இரட்டைப் பிறவி. இரட்டைக் குழந்தைகள் ஆகாது என்ற வழக்கத்தால் பிறந்தவுடனே கைவிடப்பட்டவன். மிசார் நமக்கு வசிட்டர், ஆல்கோர் அருந்ததி. திருமணத்தன்று காட்டும் அந்த இணையை, பிரிக்கப்பட்ட உடன்பிறப்புகளாக ஆக்கியிருக்கிறார்கள். வானத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரு ஒளிகளிலிருந்து இப்படியொரு கதையைப் பிடித்தவர்கள் வெறுமனே நேரத்தை நிரப்பியவர்களா?

வளர்ப்புத் தந்தையைத் தன் கையாலேயே கொன்ற இன்னொரு வீரன் மீமேயின் கதையும் அப்படித்தான். அதே அணியின் சீக்ஃபிரீட் இன்னும் ஒரு படி மேல். போரின் உண்மைக் காரணம் தெரிந்ததும், பொசைடனின் குழல்வீரனுடைய இசைக்கு மயங்காமல் இருக்கத் தன் செவிப்பறைகளைத் தானே கிழித்துக்கொள்கிறான். எதிரிகளுக்கு இத்தனை மனக்கனம் அதற்கு முந்தைய படலத்தில்கூட எல்லா இடத்திலும் இல்லை. சிங்கோ அராகி, மிச்சி ஹிமேனோ இருவரின் உருவ வரைவும், செய்ஜி யோகோயாமாவின் இசையும் இங்கே உச்சத்தில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஏதெனா தெய்வத்தின் பிறவியான சவோரி ஆபத்தில் நிற்க, நேரம் கரைய, ஒவ்வொரு எதிரியாக வென்று முன்னேறும் அமைப்பு, புனிதப்பதிக் கதையில் வந்த பன்னிரு மாளிகைப் போரின் மறுபதிப்பு. நாயகர்களில் ஒருவனான ஷுன் தளரும்போது அண்ணன் இக்கி வந்து காப்பது இதே படலத்தில் இரண்டு முறை வருகிறது. இரண்டாவது முறை எனக்குச் சலிப்பாகவே இருந்தது. ஆனால் இவை கட்டுமானக் குறைகள். மூலத்தில் இல்லை என்பதால் வந்தவை அல்ல.

அப்புறம், மூலத்தில் இல்லாத படலம் நமக்குப் புதிதா? இரணியன் வதைப் படலம் வான்மீகியில் இல்லை. வீடணன் இராவணனுக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் கம்பர் அதை வைத்தார். 'தூணினும் உளன்' என்று பிரகலாதன் சொல்லும் இடத்தை யாராவது நிரப்பி என்பார்களா?

'இடைச்செருகல்' என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. பிறர் பாடலை மறைவாக நுழைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் 'இடைப்புனைவு' என்று வைக்கலாம் என்கிறேன். மூலத்தில் இல்லாமல் தழுவலில் புதிதாகச் சேர்ந்தது, அவ்வளவுதான் பொருள். நல்லதா கெட்டதா என்பதை அந்தச் சொல் பேசாது. முழுப் படலமாக இருந்தால் 'இடைப்புனைவுப் படலம்'. நிரப்பி என்ற சொல்லையும் வைத்துக்கொள்வோம். ஆனால் எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது என்று பார்த்துத் தீர்மானித்த பிறகு தரும் மதிப்பீடாக மட்டும். அஸ்கார்டை எடுத்துப் பாருங்கள்: மோதிரத்தைக் கொடுத்ததே பொசைடன்தான், படலத்தின் முடிவில் சவோரியைக் கொண்டு போவதும் கடல்தான். அதை நீக்கினால் அனிமேயின் பொசைடன் படலத்துக்கு வேறொரு தொடக்கம் தேட வேண்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. மூலத்தில் உள்ள படலத்துக்குள்ளேயே ஓரிரு காட்சிகளை நீட்டிச் சேர்ப்பது உண்டே, அதற்கு இடைப்புனைவு கனமான சொல். கம்பராமாயணப் பதிப்புகளில் 'மிகைப்பாடல்' என்று தனியே தருவதுபோல 'மிகைக்காட்சி' எனலாமா? பட்டியலில் சேர்ப்பதற்கு முன் மங்காவையும் அனிமேயையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இதைப் பற்றி எழுதுங்கள்.