அப்பாவோட பழைய ஹெர்குலிஸுக்கு கியரும் நல்ல பிரேக்கும் போடலாமா?

தொழுவத்துச் சைக்கிள்:
வணக்கம் மக்களே. அப்பா 1984ல வாங்குன ஹெர்குலிஸ் பெரிய சைக்கிள், 28 இஞ்ச் வீல், ராடு பிரேக் (கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்குறது). பதினஞ்சு வருசமா தொழுவத்துல சும்மா சாத்திக் கெடந்துச்சு. பெயிண்ட் போயிருக்கே தவிர ஃப்ரேம்ல எங்கயும் துரு அரிக்கல, தட்டுனா கணீர்னு கேக்குது. ரெண்டு மாசமா வேலைக்கு 9 கிலோமீட்டர் அதுலதான் போயிட்டு வரேன். மழை பெஞ்சா பிரேக் சுத்தமா பிடிக்க மாட்டேங்குது, போன வாரம் லிவரை முழுசா அமுக்கியும் நிக்காம முன்னாடி போன மாட்டுவண்டில போய் முட்டிட்டேன். அப்புறம் வழியில ஒரு பாலத்து ஏத்தம், தெனமும் இறங்கித்தான் தள்ளுறேன். கடையில கேட்டா பின்ஃபோர்க்கை, அதான் பின்வீலை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்குற காலை, அகட்டி 7 ஸ்பீடு வீல் மாட்டிரலாம்ங்கறாங்க, எனக்கு பக்குனு இருக்கு. செய்யலாமா?

ரெண்டுசக்கரம்:
ஸ்டீல் தானே ப்ரோ, தாராளமா அகட்டலாம். என்னோட பழைய ரேஸ் சைக்கிள்ல பின்ஃபோர்க் உள்அளவை 126ல இருந்து 130 எம்எம் ஆக்கி ரெண்டு வருசமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல. அலுமினியம்னாதான் விரிசல் விடும்.

ஆயில்கை:
தம்பி, அகட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. உங்களது 4 எம்எம் கதை. பெரிய சைக்கிள்ல பின்ஃபோர்க் உள்அளவு பெரும்பாலும் 110 பக்கம்தான் இருக்கும், 7 ஸ்பீடு வீலுக்கு 130, 135 வேணும், ஒரேயடியா 20, 25 எம்எம் அகட்டுனா ஒரு பக்கம் கூட போகும் ஒரு பக்கம் கம்மியா போகும், வீல் நடுவுல நிக்காது. போதாததுக்கு செயினை பல்லுக்குப் பல் மாத்திவிடுற டெரெயிலரைத் தொங்க விடுற காதும் அந்த ஃப்ரேம்ல கிடையாது.

கியர் வேணும்னா வீல் நடுவுல இருக்குற ஹப்புக்குள்ளயே வர்ற 3 ஸ்பீடு போடுங்க. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இப்பவும் வருது, கம்பெனி 2000ல தைவான்காரங்க கைக்குப் போயிருச்சு. அகட்ட வேண்டியது கொஞ்சம்தான். நடு கியர்ல பின்பல்லு சுத்துற அளவே வீலும் சுத்தும், கீழ் கியர்ல அதுல 75 சதம், மேல் கியர்ல 133 சதம். முன்பல் 44னு வைங்க, பின்னாடி பழையபடி 18 பல்லே போட்டா மேல் கியர் உங்களுக்கு உதவவே உதவாது. 22 போடுங்க. அப்ப கீழ் கியர்ல ஒரு மிதிக்கு வீல் ஒண்ணரை சுத்து வரும், இப்ப கிட்டத்தட்ட ரெண்டரை சுத்து, பாலம் ஏறிருவீங்க. செயின்ல ரெண்டு கண்ணி சேக்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ரிம்ல ஓட்டையை எண்ணுங்க!! இந்த வண்டிகள்ல முன்னாடி 32, பின்னாடி 40 ஸ்போக்ஸ் வரும். புது ஹப் பெரும்பாலும் 36 ஓட்டை. நான் எண்ணாம வாங்கி ஆறு மாசம் ஹப்பை டப்பாவோட வச்சிருந்தேன்.

பிரேக்குதான் முக்கியம், கியருக்கு முன்னாடி அதைப் பாருங்க. குரோம் பூசுன இரும்பு ரிம் நனைஞ்சா எந்த ரப்பர் பிரேக் கட்டை போட்டாலும் வழுக்கும். அலுமினிய ரிம் போட்டா ராடு பிரேக் ஒத்துவராது, அது ரிம்மை உள்பக்கமா வந்து அமுக்குறது. இப்ப வர்ற 700சி அளவு ரிம்மோட விட்டம் 622 எம்எம், உங்க பழசு 635, அதனால சாதா பிரேக் மாட்டுனா கட்டை ஆறரை எம்எம் கீழ எட்டணும். அதான் நான் முன்னாடி டிரம் பிரேக் ஹப்புங்கறேன், பிரேக் ஹப்புக்குள்ள இருக்கு, மழையும் அண்டாது, ரிம் எந்த அளவா இருந்தாலும் கவலை இல்ல. புது ஹப்போட ஆக்சில் (நடு அச்சு) தடிமன் கூட, ஃபோர்க் வாயை அரத்தால லேசா ராவ வேண்டியிருக்கும், ரெண்டு பக்கமும் சமமா ராவுங்க.

பால்ரஸ்:
ஆயில்கை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. காட்டர் பின்னையும், அதான் பெடல் கிராங்கை அச்சோட இறுக்குற ஆப்பையும், பாத்துருங்க, மிதிக்கும்போது ஒரு சுத்துக்கு ஒரு தடவை 'கடக்'னு சத்தம் வந்தா அதுதான். நட்டை முறுக்கி பின்னை இழுக்காதீங்க, மரை போயிரும். கிராங்குக்கு அடியில இரும்புக் குழாய் முட்டுக் குடுத்து சுத்தியலால இறக்கிட்டு அப்புறம் நட்டு, முட்டு இல்லாம அடிச்சா அடி அத்தனையும் உள்ள இருக்குற பால்ரஸ் மேல போகும். ரெண்டு நாள் ஓட்டிட்டு திரும்ப முறுக்குங்க.

தொழுவத்துச் சைக்கிள்:
ரொம்ப நன்றிண்ணே. எண்ணிப் பாத்தேன், பின்னாடி 40 தான். உள்அளவு 112. கடைக்காரர்கிட்ட அகட்ட வேணாம்னு சொல்லிட்டேன். இந்த மாசச் சம்பளத்துல முன் டிரம் ஹப்பும் 36 ஓட்டை அலுமினிய ரிம்மும், கியர் பொங்கலுக்கு அப்புறம். முன் ராடு பிரேக்கை நேத்து கழட்டுனேன், அப்பா பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு கம்பியையும் மண்ணெண்ணெய்ல தொடச்சு, பழைய வேட்டித் துணியில சுத்தி பரண்ல வச்சுட்டாரு. பின்பிரேக் இப்போதைக்கு ராடாவே இருக்கட்டும்தானே?

ஆயில்கை:
இருக்கட்டும். கட்டை மட்டும் புதுசா மாத்திருங்க.