ஏற்காடு இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

அழகாபுரம்வாசி:
மாதம் இருமுறை குடும்பத்துடன் ஏற்காடு சென்று வருகிறேன். ஏறும்போது எரிந்த பெட்ரோலில் கொஞ்சமாவது இறங்கும்போது மிச்சமாகட்டும் என்று, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலிலேயே கடந்து அடிவாரம் வந்து சேர்கிறேன். கியரில் இறங்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குப் போய் உறுமுகிறது. நியூட்ரலில் 800 சுற்றில் அமைதியாக ஓடுகிறது. அதிகம் சுற்றும் எஞ்சின்தானே அதிகம் குடிக்கும்? டேங்க்கை நிரப்பிப் பார்த்ததிலும், நியூட்ரலில் இறங்கிய பயணத்தில் கால் லிட்டர் குறைவாகவே பிடித்தது. இது தவறு என்பவர்கள் காரணத்துடன் விளக்க வேண்டுகிறேன்.

கோரிமேட்டுப் பட்டறை:
ஐயா, அதிகம் சுற்றினால் அதிகம் குடிக்கும் என்பது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமே உண்மை. உங்களுடையது இன்ஜெக்டர் (கணினி சொல்லும் அளவில் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் கருவி) உள்ள வண்டி என்றே எடுத்துக்கொள்கிறேன். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரங்கள். அதை உணர்ந்துகொள்ளும் கணினி இன்ஜெக்டர்களை முழுவதுமாக மூடிவிடுகிறது. சுற்று ஐடிலிங் அளவை (வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) நெருங்கும்போதோ, நீங்கள் கிளட்ச்சை மிதிக்கும்போதோதான் மறுபடியும் திறக்கிறது. நியூட்ரலில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால், எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கவே பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சிறிய கார் ஒன்று சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். முக்கால் மணி நேர இறக்கத்துக்கு அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். உறுமுகிற வண்டி ஒரு சொட்டும் குடிக்கவில்லை, அமைதியாக வருகிற வண்டிதான் குடித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கால் லிட்டர் கணக்கையும் நான் ஏற்க மாட்டேன். பங்க்கில் துப்பாக்கி 'டக்' என்று தானாக நிற்கும் இடம், வண்டி நிற்கும் சாய்வையும் பெட்ரோலின் நுரையையும் பொறுத்து மாறும். அந்த முறையில் கால் லிட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

பழைய வண்டிக்காரன்:
என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வாங்கிய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பழைய கருவி) வண்டி. அதில் கணினியும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை. காலை எடுத்தாலும் ஐடில் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்கும். எங்கள் காலத்து ஓட்டுநர்கள் நியூட்ரல் போட்டதற்குக் காரணம் இருந்தது. எல்லா வண்டிக்கும் ஒரே விதி சொல்வது சரியல்ல. இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிட்டு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கோரிமேட்டுப் பட்டறை:
கார்புரேட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். எஞ்சினை அணைப்பதை மட்டும் எந்த வண்டிக்கும் ஏற்க முடியாது. பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியில், எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிகளுக்குள் பூஸ்டரின் உதவி தீர்ந்து, பிரேக் பெடல் கல்லைப் போல் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

மலைமேல் வீடு:
நான் ஏற்காட்டில் குடியிருப்பவள். வேலைக்காகத் தினமும் சேலம் இறங்குகிறேன். மிச்சமாகும் பெட்ரோலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கடைசி வளைவுகளில் ஓரமாக நிறுத்தப்பட்டிருக்கும் வெளியூர் வண்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? சென்ற மாதம் ஒரு கார் நான்கு கதவுகளும் திறந்தபடி நின்றது. முன் சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, கருகிய லைனிங் வாசனை என் வண்டிக்குள் வரை அடித்தது. ஓட்டிவந்தவர் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனார். சூடேறிய பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது வளைந்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன். பிரேக் பெடல் அடிவரை போகிறது என்றார். நியூட்ரலில்தான் வந்தாராம்; எஞ்சின் இழுத்துப் பிடிக்காததால் வண்டியை அடக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்திருக்கிறது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

அழகாபுரம்வாசி:
அம்மா, அதைப் படித்தபின் செங்குத்தான வளைவுகளில் நியூட்ரலுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சரிவு குறைவான நேர்ப்பாதையில் கியரில் விட்டால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் குறைந்து, மறுபடியும் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியிருக்கிறது. நியூட்ரலில் அதே வண்டி வெகுதூரம் உருண்டு போகிறது. அங்கேயாவது மிச்சம் என் பக்கம்தானே?

கோரிமேட்டுப் பட்டறை:
இந்த ஒரு இடத்தில் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு, மறுக்க மாட்டேன். மெல்லிய சரிவில் எஞ்சினின் இழுவை வண்டியின் ஓட்டத்தைத் தின்றுவிடும். அங்கே மேல் கியருக்கு மாறிவிட்டால் இழுவை வெகுவாகக் குறையும், எஞ்சினும் கைவசம் இருக்கும். வளைவுகளில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் ஏறிய வளைவு என்றால் இரண்டாவதிலேயே.

உண்மையில் மிச்சப்படுத்த வேண்டிய இடம் ஏற்றம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். 300 கிலோ ஆட்களையும் சாமான்களையும் அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறக்குறைய 0.4 லிட்டர் பெட்ரோல் தேவை. எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. டிக்கியில் மாதக்கணக்கில் கிடப்பவற்றை முதலில் இறக்கி வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பாருங்கள்.

அழகாபுரம்வாசி:
டிக்கியில் ஒரு மூட்டை சிமெண்ட் கிடக்கிறது, இன்றே இறக்கிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு வளைவுகளில் இரண்டாவது கியரில் இறங்கி, டேஷ்போர்டில் மைலேஜ் அளவு என்ன காட்டுகிறது என்று மனைவியைக் குறித்துக்கொள்ளச் சொல்லி இங்கே எழுதுகிறேன்.