கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை, ஆனால் மலை அப்படியே இருக்கே?

கேள்வி (பாலிடெக்னிக் பையன்): சேலம் உருக்காலை கஞ்சமலை இரும்பை வெட்டி உருக்கத்தானே வந்தது? அப்புறம் ஏன் மலை அப்படியே நிக்குது?

ரோலிங்காரர் மகன்: தம்பி, திட்டம் அதுதான். கஞ்சமலைத் தாது, நெய்வேலி நிலக்கரி. 1970-ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினாங்க. ஆனா 1980-களின் தொடக்கத்துல ஓட ஆரம்பிச்சப்ப, தாது உருக்கும் ஆலையாவே இல்லைங்க. வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் சுருளை மெல்லிசாத் தேய்க்கிற ஆலை. சூடாக்கித் தேய்க்கிற ஹாட் ரோலிங் 1995-ல, எஃகை உருக்குற கூடம் 2010-லதான். அதுலயும் கஞ்சமலைத் தாது இல்லை.

அப்பா அங்க தகட்டை மெல்லிசாத் தேய்க்கிற சென்ட்சிமிர் மில்லுல இருந்தார். தகட்டைத் தொடுற உருளை ரெண்டும் ஒல்லி. அது வளையாம இருக்க மேலயும் கீழயும் பதினெட்டு உருளை முட்டுக்கொடுக்கும். கீறல் விழாம இருக்கத் தகட்டுச் சுத்துக்கு நடுவுல காகிதம் வெச்சுச் சுத்துவாங்க. அந்தக் கழிவுக் காகிதம்தான் எங்க நோட்டுக்கெல்லாம் அட்டை. லேசா எண்ணெய் வாசம் அடிக்கும். டீச்சர் மூக்கைச் சுளிப்பாங்க.

பரங்கிப்பேட்டைக்காரர்: சேலத்துத் தாது உருகவே இல்லைன்னு சொல்லாதீங்க. 1830-கள்லயே ஹீத் துரை எங்க ஊர்ல உலை போட்டு, அதை விறகுக்கரியில உருக்கினார். அந்த இரும்பு இங்கிலாந்துல இருக்கிற ஷெஃபீல்டு வரைக்கும் போச்சு. கரிக்கு வெட்டியே காடு காலி.

ரோலிங்காரர் மகன்: சரிதாங்க, அதை விட்டுட்டேன். நான் சொன்னது எங்க ஆலையை மட்டும்.

பாலிடெக்னிக் பையன்: அண்ணே, அந்த நோட்டு ஏதாவது இன்னும் இருக்கா?

ரோலிங்காரர் மகன்: ஏழாவது கணக்கு நோட்டு ஒண்ணு இருக்கு. மார்க்கைக் கேக்காதே.