களக்காட்டுத் தோட்டப் பாதை: மஹிந்திரா தார் வண்டிக்கு எந்த லிப்ட் கிட் பொருந்தும்? (உதவி தேவை)

களக்காட்டு வாழை:
வணக்கம். என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு நல்ல லிப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்) ஒன்று உடனே வேண்டும். மலையடிவாரத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓடையைக் கடக்கும்போது வண்டியின் அடிப்பகுதி கல்லில் இடிக்கிறது. வாழைக்குலை வெட்டு தொடங்குவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இரண்டு அங்குலம் போதுமா, மூன்று அங்குலம் உயர்த்த வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை டீசல்:
எந்த ஆண்டு வண்டி, அண்ணாச்சி? 2020-இல் வந்த புதிய தாரில் நான்கு சக்கரங்களுக்கும் காயில் ஸ்பிரிங். பழைய சிஆர்டிஇ டீசல் தாரில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங்போல் வேலை செய்யும் கம்பி), பின்பக்கம் லீஃப் பட்டை (அடுக்கி வைத்த வளைந்த எஃகுப் பட்டைகள்). ஒன்றுக்குச் செய்த கிட் மற்றொன்றில் ஏறாது. டயர் அளவையும், எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

வள்ளியூர் சக்கரம்:
கிட்டுக்குச் செலவழிக்கும் முன் டயரை மாற்றுங்கள். பின் அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிதான் தரைக்கு மிக அருகில் இருப்பது. எத்தனை அங்குல ஸ்பிரிங் போட்டாலும் அந்த அச்சு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். டயர் பெரிதானால் மட்டுமே அது உயரும். 235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ., 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது 19 மி.மீ. அளவுக்கு டிஃபரன்ஷியல் மேலே போகும்.

நெல்லை நாற்சக்கரம்:
இந்தக் கேள்வி பல முறை வந்து, பல முறை பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. வண்டியின் ஆண்டுகூட எழுதாமல் கிட் கேட்பவர், முதலில் வண்டிக்கு அடியில் படுத்து எந்த இடத்தில் உராய்ந்த தடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். டிஃபரன்ஷியலில் தடம் இருந்தால் அது டயர் விஷயம். நடுவில் படிக்கட்டுப் பலகையில் இருந்தால் பலகையைக் கழற்றினாலே பாதி தீரும். பின் பம்பரிலும் கொக்கியிலும் இருந்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

தேரிக்காட்டான்:
எங்கள் பக்கத்துச் செம்மணலில் லிப்ட் போட்ட வண்டிகளும் புதைகின்றன. டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டால், கம்பெனி உயரத்திலேயே வண்டி தேரியைத் தாண்டிவிடுகிறது. காற்றைக் குறைத்துப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

அம்பை ஓட்டுநர்:
அவர் கேட்பது மணலைப் பற்றி இல்லை. ஓடைக் கற்களில், அதுவும் பாரத்தோடு, காற்றை அவ்வளவு இறக்கினால் டயரின் பக்கச்சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். தேரி அனுபவத்தை மலையடிவாரத்துக்குச் சொல்லாதீர்கள்.

தேரிக்காட்டான்:
கல்லிலும் ஓரளவு காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் மேல் படிந்து ஏறும், வண்டியும் குதிக்காது. மெதுவாக ஓட்டுபவருக்கு ஒன்றும் ஆகாது.

அம்பை ஓட்டுநர்:
வெறும் வண்டிக்கு அது சரி. பாரம் ஏற்றிய வண்டியில் காற்றைக் குறைப்பது, உயரத்தையும் சேர்த்துக் குறைப்பதாகும். அவர் இழந்துகொண்டிருப்பதே உயரத்தைத்தான்.

களக்காட்டு வாழை:
2014 சிஆர்டிஇ. டயர் கம்பெனி அளவுதான். போகும்போது இடிப்பதில்லை, குலை ஏற்றித் திரும்பும்போது பின்பக்கம் மட்டும் இடிக்கிறது.

நெல்லை நாற்சக்கரம்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பதில்களுக்கு வேலையே இருந்திருக்காது. உங்கள் பின்பக்கப் பட்டைகள் வளைவு இழந்திருக்கின்றன, அல்லது உள்ளே ஒன்று உடைந்திருக்கிறது. இந்த நிலையில் நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) போட்டால், ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டதற்கு வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். பாரம் ஏற்றியதும் தளர்ந்த பட்டை பழையபடி படுத்துவிடும். முன்பக்கத்தைச் சமமாக்குவதற்காக டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தினால், சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்கும் தூரம் குறையும், ஆக்ஸில் சாய்வு கூடி அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், சக்கர அலைன்மென்டும் கெடும். ஆகவே பட்டையைக் கழற்றிப் பார்க்காமல் எந்தக் கிட்டையும் வாங்காதீர்கள். பட்டைகளை மாற்றியோ, உங்கள் பாரத்துக்கு ஏற்றபடி ஒரு பட்டை கூட்டியோ ஓட்டிய பிறகும் இடித்தால், அப்போது உயரத்தைப் பற்றிப் பேசலாம்.

பாளை டீசல்:
பட்டை கூட்டினால் வெறும் வண்டி குலுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தோடு அதே வண்டியில் திருச்செந்தூர் போகிறவர் யோசித்துச் செய்ய வேண்டும்.

வள்ளியூர் சக்கரம்:
பட்டையைச் சரிசெய்தாலும் டிஃபரன்ஷியல் உயராது என்பதில் என் கருத்து மாறவில்லை.

அம்பை ஓட்டுநர்:
பெரிய லிப்டுக்கும் பெரிய டயருக்கும் சட்டச் சிக்கலும் உண்டு. தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே வகைப் பட்டை போடுவதில் இந்தத் தொல்லை இல்லை.

களக்காட்டு வாழை:
கழற்றிப் பார்த்தாயிற்று. இடப்பக்கம் இரண்டாவது பட்டை உடைந்திருந்தது. இரு பக்கமும் புதிது போட்டாயிற்று. நேற்று முழுப் பாரத்தோடு ஓடையைக் கடந்தேன், இடிக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

பாளை டீசல்:
நல்லது, அண்ணாச்சி. புதுப் பட்டை பாரத்தில் படிந்ததும், அதை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட் தளரும். இன்னும் சில நடை ஓடியபின், வண்டி தரையில் நிற்கும்போது நான்கு யூ-போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். டார்ஷன் பாரை யாரும் தொடவில்லைதானே?