25 கி.மீ. ஃபைபரில் 10 மில்லிவாட்டுக்கு மேல் செலுத்தினால் ஒளி திரும்பி வருகிறது

எர்பியம் ஆம்ப்ளிஃபையரில் (லேசர் ஒளியைப் பெருக்கும் கருவி) பவரைக் கூட்டினாலும் ஃபைபரின் மறுமுனையில் ஏற மாட்டேன் என்கிறது. போன வாரம் புது லேசர் மாட்டியதிலிருந்து இந்தத் தொல்லை. கல்லூரி ஆய்வகத்தில் உள்ள அமைப்பு: 1550 நானோமீட்டர் டிஎஃப்பி லேசர் (ஒற்றை அலைநீள செமிகண்டக்டர் லேசர்; லைன்விட்த், அதாவது ஒளியின் அதிர்வெண் அகலம், 1 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழ்), ஆம்ப்ளிஃபையருக்கு 980 நானோமீட்டர் பம்ப் லேசர், திரும்பி வரும் ஒளியைத் தனி போர்ட்டுக்குப் பிரித்து அனுப்பும் சர்க்குலேட்டர், அப்புறம் 25 கி.மீ. சாதாரண சிங்கிள் மோடு ஃபைபர் சுருள்.

6 மில்லிவாட் வரை எல்லாம் சரி. 10ஐத் தாண்டினால் மறுமுனை அப்படியே நின்றுவிடுகிறது. சர்க்குலேட்டரின் மூன்றாவது போர்ட்டில் திரும்பி வரும் ஒளி மளமளவென்று ஏறுகிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் லேசரை ஒட்டி, நீண்ட அலைநீளப் பக்கம் 0.09 நானோமீட்டர் தள்ளி இன்னொரு முகடு. சுமார் 11 கிகாஹெர்ட்ஸ். பிரில்லுவான் சிதறல்தான் (ஃபைபருக்குள் எழும் ஒலி அலைகளில் பட்டு ஒளி பின்னோக்கித் திரும்புவது; லைன்விட்த் குறுகலாக இருந்தால் குறைந்த பவரிலேயே தொடங்கிவிடும்), அதில் சந்தேகமில்லை. பழைய லேசரின் லைன்விட்த் அகலமாக இருந்ததால் தப்பித்தோம் போல.

கனெக்டர்களைத் துடைத்தாயிற்று, முனை சாய்வாகத் தீட்டிய ஏபிசி பேட்ச்கார்டு மாற்றியாயிற்று, ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டரும் போட்டாயிற்று. 5 கி.மீ. சுருளில் பிரச்சினை இல்லை, ஆனால் சோதனைக்கு 25 வேண்டும். லைன்விட்த்தை அகலமாக்க ஃபேஸ் மாடுலேட்டர் (ஒளியின் ஃபேஸை ஆட்டும் கருவி) கேட்டால் அடுத்த நிதியாண்டு என்பார்கள்.

லேசர் டிரைவ் கரண்டை மட்டும் ஆட்டி லைன்விட்த்தை அகலமாக்கியவர்கள், எந்த அதிர்வெண்ணில், எத்தனை மில்லிஆம்ப் ஆட்டினீர்கள்?